அலுமினியப் படகின் கசிவுக்கு எந்த ரிவெட் போடுவது?

கேள்வி இதுதான்: 14 அடி நீளத்தில், ரிவெட் அடித்துச் செய்த பழைய அலுமினியப் படகு ஒன்று இருக்கிறது. ஏராவை (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகுச் சட்டம்) ஒட்டிய வரிசையிலும் நடுவில் ஒரு விலாச்சட்டத்திலும் (குறுக்கே தாங்கும் சட்டம்) தண்ணீர் கசிகிறது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பாப் ரிவெட் (ஒரு பக்கத்திலிருந்தே நடு ஊசியை இழுத்து இறுக்குவது) போதுமா? ஸ்டெயின்லெஸ் ரிவெட் போட்டால் காலத்துக்கும் நிற்குமா? பழையபடி கெட்டி ரிவெட்தான் (நடுவில் ஓட்டையில்லாத, இரண்டு பக்கமும் பிடித்து அடிப்பது) அடிக்க வேண்டுமா? அப்படியானால் என்ன அளவு வாங்குவது?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். தகட்டின் இரண்டு பக்கமும் கை எட்டும் இடங்களில் எல்லாம் 5056 என்ற அலுமினியக் கலவையில் செய்த கெட்டி ரிவெட் போடுங்கள். உள்பக்கம் கை எட்டவே எட்டாத இடத்தில் மட்டும், முனை மூடிய பாப் ரிவெட் போடுங்கள். அதிலும் உடலும் நடு ஊசியும் இரண்டுமே அலுமினியமாக இருக்க வேண்டும். சாதாரணத் திறந்த முனை பாப் ரிவெட் தண்ணீர் படும் உடல் தகட்டில் எங்குமே வேண்டாம். ஸ்டெயின்லெஸ் நீர்மட்டத்துக்குக் கீழே வேண்டாம். எதைப் போட்டாலும் சீலன்ட் (இடுக்கில் தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை) தடவாமல் போடாதீர்கள். ஆனால் ரிவெட் வாங்கக் கிளம்புவதற்கு முன், கசிவது உண்மையில் ரிவெட்தானா என்று பாருங்கள். கசியும் ரிவெட் எல்லாவற்றையும் மாற்றத் தேவையில்லை. நிறைய ரிவெட்டுகளை இறுக்கினாலே போதும்.

ரிவெட்டைப் பலரும் ஓட்டையை அடைக்கும் ஆணியாகவே நினைக்கிறார்கள். தவறான ரிவெட் வாங்குவதற்குப் பெரும்பாலும் இந்த நினைப்புதான் காரணம். கெட்டி ரிவெட்டை அடிக்கும்போது அதன் தண்டு பருத்துத் துளையின் சுவரை முழுக்க நிரப்பிக்கொள்கிறது. இரண்டு தலைகளும் தகடுகளை நெருக்கிப் பிடிக்கின்றன. தண்ணீரைத் தடுப்பது இந்த நெருக்கமும், தகடுகளுக்கு நடுவே இருக்கும் சீலன்டும்தான். அலை அடிக்கும்போது அடித்தகடு உள்ளும் வெளியும் நெளியும். அந்த நெளிவில் நெருக்கம் கொஞ்சம் தளர்ந்தால் தண்டு துளைக்குள் அசையத் தொடங்கும். அசைய அசையத் துளை நீள்வட்டமாகும். அதன் பாரம் பக்கத்து ரிவெட்டுக்குப் போகும். ஒரே வரிசையில் அடுத்தடுத்து நாலைந்து ரிவெட் கசிவதற்குக் காரணம் இதுதான். ஆகவே எந்த ரிவெட் என்று முடிவு செய்யும்போது கேட்க வேண்டிய கேள்வி, அது எவ்வளவு நன்றாக அடைக்கும் என்பது அல்ல, எவ்வளவு காலம் நெருக்கிப் பிடிக்கும் என்பதே.

கசிவைக் கண்டுபிடிக்கப் படகைக் கரையில் வைத்து உள்ளே தண்ணீர் ஊற்றுவதுதான் நம்பகமான வழி. ஆனால் அளவாக ஊற்றுங்கள். 14 அடிப் படகில் தரை முழுக்க ஒரு சாண் தண்ணீர் நின்றால்கூட எடை அரை டன்னைத் தாண்டிவிடும். ஏராவின் கீழே பல இடங்களில் முட்டுக் கொடுத்து, சந்தேகமான வரிசை மூழ்கும் அளவு மட்டும் ஊற்றுங்கள். வெளிப்பக்கத்தைத் துணியால் துடைத்துக் காயவைத்து, சொட்டு எங்கே முதலில் திரள்கிறது என்று பார்த்து மார்க்கரால் வட்டமிடுங்கள். சொட்டு ரிவெட் தலையின் ஓரத்தில் திரண்டால் கோளாறு ரிவெட்டில். இரண்டு ரிவெட்டுக்கு நடுவே தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று படியும் ஓரத்தில் திரண்டால் உள்ளே இருக்கும் பழைய சீலன்ட் காய்ந்து வெடித்துவிட்டது என்று பொருள். பின்னதற்குத் தனியாக ஒரு ரிவெட்டை மட்டும் மாற்றுவதால் பயனில்லை. அந்தப் பகுதி ரிவெட்டுகளைக் கழற்றித் தகடுகளுக்கு இடையே சுத்தம் செய்து புதிய சீலன்ட் இட வேண்டும்.

தண்ணீர் இல்லாமலும் சில அடையாளங்கள் தெரியும். தலையைச் சுற்றிக் கறுப்பு வளையம் படிந்திருந்தால் அந்த ரிவெட் அசைகிறது. அலுமினியம் உராய்ந்து வந்த தூள்தான் அந்தக் கறுப்பு. ஒரு தலையின் மேல் விரலை வைத்துக்கொண்டு உள்பக்கம் இன்னொருவரை லேசாகத் தட்டச் சொல்லுங்கள். இறுக்கமான ரிவெட் தகட்டோடு சேர்ந்து அதிரும். தளர்ந்தது விரலில் தனியாகத் துடிக்கும். ஒரு பக்கமாகச் சாய்ந்த தலை, வெடிப்பு விட்ட தலை, உப்புப் பூத்துத் தேய்ந்த தலை மூன்றையும் இறுக்க முயலாதீர்கள். நேராக மாற்ற வேண்டியவை.

தளர்ந்திருந்தாலும் தலைகள் நன்றாக இருக்கின்றன என்றால், வெளித்தலைக்குப் பொருந்தும் குழிவான செட்டை (தலையின் மேல் உட்காரும் இரும்பு முனை) ஏர் ஹேமரில் (காற்றழுத்தச் சுத்தியல்) மாட்டி, உள்தலையில் கனமான பக்கிங் பாரை (அடியை எதிர்த்துத் தாங்கும் இரும்புக் கட்டி) அழுத்திப் பிடித்து, ஓரிரு நொடி அடித்தால் இறுகிவிடும். ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். அதே ரிவெட் மறுபடி தளர்ந்தால் மாற்றிவிடுங்கள். அடித்த அலுமினியம் அடிக்க அடிக்கக் கடினமாகிக்கொண்டே போகும். ஒரு கட்டத்துக்கு மேல் அது பருக்காது, தலை வெடிக்கும் அல்லது சுற்றியுள்ள தகடு குழிந்து அலையாகிவிடும்.

இனி உலோகம். கடைக்காரர் அலுமினிய ரிவெட் என்று ஒரே வார்த்தையில் கொடுத்தாலும் அதற்குள் சாதிகள் பல. ரிவெட் அடித்த படகுகளின் உடல் தகடு பெரும்பாலும் 5052 போன்ற மெக்னீசியம் கலந்த 5000 வரிசைக் கலவை. விலாச்சட்டங்களும் ஏராவும் பெரும்பாலும் 6061, 6063 போன்ற 6000 வரிசை. இரண்டிலும் செம்பு மிகக் குறைவு. உப்புத் தண்ணீரில் அவை தாக்குப்பிடிப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். 5056 ரிவெட்டில் ஏறக்குறைய 5 சதவீதம் மெக்னீசியம். வேண்டுமென்று சேர்த்த செம்பு இல்லை. தகட்டுக்கும் ரிவெட்டுக்கும் மின்வேதி வேறுபாடு மிகக் குறைவு என்பதால் ஒன்று மற்றொன்றை அரிக்காது. வலிமையும் போதுமானது: அடித்து முடித்த 5056 ரிவெட்டின் வெட்டுவலிமை (தகடுகள் எதிரெதிராக நழுவும்போது தண்டு அறுபடாமல் தாங்கும் வலு) சதுர அங்குலத்துக்கு 28,000 பவுண்டு அளவில் இருக்கும்.

விமானப் பழுதுக்காரர்களிடமிருந்து வாங்கினால் கையில் கிடைப்பது அநேகமாக 2117 கலவையாக இருக்கும். விமானத்தில் மிக அதிகம் பயன்படும் ரிவெட் அதுதான். வலிமை 30,000 பவுண்டு, அடிப்பதற்கும் இதமானது. ஆனால் அதில் 2 முதல் 3 சதவீதம் வரை செம்பு இருக்கிறது. நன்னீர் ஏரியில் மட்டும் ஓடும் படகுக்கு, சீலன்டும் பெயின்டும் சரியாக இருந்தால், நான் அதை மறுக்கமாட்டேன். கடலிலோ கழிமுகத்திலோ ஓடும் படகுக்கு வேண்டாம். 1100 என்பது ஏறக்குறையச் சுத்த அலுமினியம். துரு பயமில்லை, ஆனால் வலிமை 10,000 அளவில்தான். மற்ற இரண்டில் மூன்றில் ஒரு பங்கு. பெயர்ப்பலகை ஒட்டவும் உள் அலங்காரத் தகடு பிடிக்கவும் அது நல்லது, அடித்தகட்டுக்கு ஆகாது. 2024 கலவை ரிவெட்டை வெப்பப் பதம் செய்து குளிரில் வைத்து எடுத்து அடிக்க வேண்டும். படகுக்கு அந்தப் பாடு தேவையே இல்லை.

விமானத் தர ரிவெட்டாக இருந்தால் தலையைப் பார்த்தே கலவையைச் சொல்லிவிடலாம். அடையாளம் எதுவும் இல்லாத மொட்டைத் தலை 1100. நடுவில் சிறு குழி இருந்தால் 2117. சிலுவைக் குறி புடைத்து நின்றால் 5056. பெட்டியில் எம்.எஸ். 20470 என்ற எண்ணுக்குப் பின் வரும் எழுத்தும் இதையே சொல்லும்: ஏ என்றால் 1100, ஏடி என்றால் 2117, பி என்றால் 5056. ஆக நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது பி. படகுச் சாமான் விற்பவர்களிடம் வாங்கும் ரிவெட்டில் இந்தக் குறிகள் இல்லாமல் இருக்கலாம். அங்கே கலவை எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே வாங்குங்கள்.

அளவுக்கு வருவோம். புதிதாகத் துளை போடும்போது ரிவெட்டின் விட்டம், சேரும் தகடுகளில் கனமானதைப்போல் மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்பது பொது விதி. பழைய படகில் துளை ஏற்கெனவே இருப்பதால், பழைய ரிவெட்டின் தண்டை வெர்னியரால் அளந்து அதே விட்டம் வாங்குவதுதான் முதல் தேர்வு. சிறு படகுகளில் 5/32 அங்குலமும் (4 மி.மீ.) 3/16 அங்குலமும் (4.8 மி.மீ.) அதிகம் வரும். 1/8 அங்குலம் (3.2 மி.மீ.) சின்னத் தோணிகளிலும் மேல்தட்டு வேலைகளிலும் வரும். விட்டம் கொஞ்சம் கூடினாலும் வலிமை வெகுவாகக் கூடும்: 3/16 அங்குல ரிவெட் 1/8 அங்குலத்தைப்போல் இரண்டேகால் மடங்கு பாரம் தாங்கும். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு பெரிதாகப் போகக் கூடாது. மெல்லிய தகட்டில் தடித்த ரிவெட்டை அடித்தால் தண்டு பருப்பதற்குள் தகடு புடைத்துவிடும்.

நீளம்தான் பலர் கோட்டைவிடும் இடம். சேரும் தகடுகளின் மொத்தக் கனத்தோடு விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கைக் கூட்டுங்கள். எடுத்துக்காட்டாக அடித்தகடு 1.6 மி.மீ., விலாச்சட்டம் 2 மி.மீ. என்றால் மொத்தம் 3.6. ரிவெட் 4.8 மி.மீ. என்றால் ஒன்றரை மடங்கு 7.2. இரண்டும் சேர்த்து 10.8 மி.மீ. இதற்கு மிக அருகில் இருப்பது 7/16 அங்குலம், அதாவது 11.1 மி.மீ. விமான எண்முறையில் விட்டம் அங்குலத்தின் 32-இல் பாகமாகவும் நீளம் 16-இல் பாகமாகவும் குறிக்கப்படும். எனவே இந்த ரிவெட்டின் எண் 6-7. அடித்து முடித்த உள்தலை, விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு அகலமும் பாதி உயரமும் இருக்க வேண்டும்: நம் எடுத்துக்காட்டில் 7.2 மி.மீ. அகலம், 2.4 மி.மீ. உயரம். நீளம் கூடிப்போனால் தண்டு வளைந்து படுத்துவிடும். குறைந்தால் தலை மெலிந்து பிடிமானம் போகும். ஏராவில் ஒரே வரிசையிலேயே சில இடங்களில் இரண்டு தகடும் சில இடங்களில் மூன்று தகடும் சேரும். ஒரே நீளத்தில் ஒரு பெட்டி வாங்கி எல்லா இடத்திலும் அடிப்பது சரிவராது. ஒவ்வொரு இடத்திலும் கனத்தை அளந்து இரண்டு மூன்று நீளங்களில் வாங்குங்கள்.

தலை வடிவத்தில் அதிகம் யோசிக்க வேண்டாம், பழையதற்குப் பொருந்தும் அரைவட்டத் தலையோ யூனிவர்சல் தலையோ போதும். ஆனால் ஏர் ஹேமர் செட்டின் குழி அந்தத் தலைக்குச் சரியாக உட்கார வேண்டும். குழி சிறிதாக இருந்தால் தலையைக் கடித்துவிடும், பெரிதாக இருந்தால் தகட்டில் பிறை வடிவ வடு விழும். தகட்டோடு மட்டமாகப் படியும் தலை இருந்த இடத்தில் அதே வகைதான் போட வேண்டும். அதில் கோணத்தைக் கவனியுங்கள்: விமான ரிவெட்டின் சரிவு 100 பாகை, மட்டத் தலை பாப் ரிவெட் பெரும்பாலும் 120 பாகை. கோணம் பொருந்தாத தலை ஓரத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், முதல் அலையிலேயே கசியும். மட்டத் தலை ரிவெட்டின் நீளத்தைத் தலையின் மேல்மட்டத்திலிருந்தும், புடைத்த தலை ரிவெட்டின் நீளத்தைத் தலைக்குக் கீழிருந்தும் அளக்க வேண்டும்.

பழைய ரிவெட்டைக் கழற்றுவதில் அவசரம் கூடாது. துளையைக் கெடுக்காமல் எடுத்தால்தான் வாங்கிய அளவு பொருந்தும். வெளித்தலையின் நடுவில் சென்டர் பஞ்சால் புள்ளி வைத்து, தண்டின் விட்டத்துக்குச் சற்றுச் சிறிய பிட்டால் தலையின் ஆழம் மட்டும் துளையுங்கள். பஞ்சை வைத்து நெம்பினால் தலை தனியே கழன்றுவிடும். பின்னால் துளைக்குப் பக்கத்தில் மரத்துண்டு கொடுத்துத் தண்டைத் தட்டி வெளியேற்றுங்கள். ஒரேயடியாகக் குடைந்து எடுக்க நினைத்தால் பிட் பக்கத்தில் வழுக்கித் துளையை அகலப்படுத்திவிடும். பிறகு துளையின் இரு ஓரத்திலும் பிசிறை எடுங்கள். தகடுகளுக்கு நடுவே சிக்கிய உலோகத் தூளை மெல்லிய தகட்டுச் சீவலாலோ காற்றாலோ வெளியேற்றுங்கள். நடுவில் ஒரு சுருள் சிக்கினால் தகடுகள் நெருங்கவே நெருங்காது. துருப்பிடிக்கும் இரும்புக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். அதன் துகள் அலுமினியத்தில் பதிந்து பின்னால் அரிப்புப் புள்ளியாகும். நைலான் அல்லது ஸ்டெயின்லெஸ் பிரஷ் போதும்.

துளை நல்ல வட்டமாக இருந்தால் அதே அளவு. துளைக்கும் தண்டுக்கும் நடுவே இடைவெளி 0.1 மி.மீ. அளவில்தான் இருக்க வேண்டும். 1/8 அங்குலத்துக்கு 30-ஆம் எண் பிட், 5/32-க்கு 21, 3/16-க்கு 11, மி.மீ. கணக்கில் சுமார் 3.3, 4.05, 4.85. துளை நீள்வட்டமாகிவிட்டால் அடுத்த பெரிய அளவுக்குத் துளைத்து அந்த ரிவெட்டைப் போடலாம். அப்போது துளையின் நடுவிலிருந்து தகட்டு ஓரம் வரை ரிவெட் விட்டத்தைப்போல் இரண்டு மடங்காவது மிச்சம் இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள். 3/16 துளையே பெரிதாகிவிட்டால் 1/4 அங்குலத்துக்குத் தாவுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன், இரண்டு மி.மீ.க்குக் குறைந்த தகடு அந்த அடியைத் தாங்காது. உள்பக்கம் அதே கலவையில் ஒரு பட்டைத் தகடு வைத்து, கெட்டுப்போன துளைக்கு இருபுறமும் புதிய துளை போட்டு ரிவெட் அடிப்பது மேல்.

அடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே ஏர் ஹேமரோடு, மற்றவர் உள்ளே பக்கிங் பாரோடு. 3/16 ரிவெட்டுக்கு இரண்டு கிலோ எடையுள்ள வழவழப்பான இரும்புக் கட்டி வேண்டும். இலேசான கட்டியை வைத்தால் ஹேமரின் அடி தகட்டுக்குத்தான் போகும். தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றனவா என்று முதலில் பார்த்து, பக்கத்துத் துளைகளில் தற்காலிகப் பிடிப்பான்களோ சிறு போல்ட்டுகளோ மாட்டி நெருக்கிக்கொள்ளுங்கள். இடைவெளி இருக்கும்போது அடித்தால் தண்டு தகடுகளுக்கு நடுவே பருத்துவிடும்; பிறகு எந்த வல்லமையாலும் அவற்றை நெருக்க முடியாது. பார் முதலில் ரிவெட்டில் பட வேண்டும், அதற்குப் பிறகுதான் ஹேமர் இயங்க வேண்டும். இருவரும் வாயால் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். காற்றழுத்தத்தைக் குறைத்து, கழிவுத் தகட்டில் அதே கனத்தில் சில ரிவெட் அடித்துப் பார்த்து, இரண்டு மூன்று நொடியில் தலை உருவாகும் அளவுக்கு அழுத்தத்தை வைத்துக்கொள்ளுங்கள். காதுக்கு அடைப்பான் இல்லாமல் இந்த வேலைக்கு உட்கார வேண்டாம். படகின் உடல் அந்தச் சத்தத்தைப் பல மடங்காக்கித் திருப்பித் தரும்.

ஏர் ஹேமர் இல்லாதவர்கள் தலைகீழாகச் செய்யலாம். குழி கடைந்த கனமான இரும்பை வெளித்தலையில் ஒருவர் அழுத்திப் பிடிக்க, உள்ளேயிருந்து தட்டையான முனையுள்ள பஞ்சை வைத்துச் சுத்தியலால் தண்டை அடிப்பது. நேரம் பிடிக்கும், ஆனால் நல்ல ரிவெட் வரும். ஐம்பது ரிவெட்டுக்குள் உள்ள வேலைக்கு இந்த முறையை நான் தயங்காமல் சொல்வேன்.

பாப் ரிவெட் எப்போது? இருக்கைப் பெட்டிக்குள் மிதவை நுரை நிரப்பி அடைத்திருக்கும் இடம், தரைத்தட்டைப் பெயர்க்காமல் எட்ட முடியாத ஏராவின் முனை, அணியத்தின் (படகின் முன்முனை) இடுக்கு. இங்கெல்லாம் பார் நுழையாது. சாதாரண பாப் ரிவெட்டின் நடுவில் ஓட்டை உண்டு. ஊசி உடைந்தபின் எஞ்சும் துண்டு பல சமயம் அதிர்வில் கழன்று விழும், ஓட்டை நேராகப் படகுக்குள் திறக்கும். மூடிய முனை ரிவெட்டோ விரலுறை போல ஒரு பக்கம் அடைபட்டது. ஊசியின் தலை அந்த உறைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும், ரிவெட்டின் நடு வழியாகத் தண்ணீர் போகாது. தண்டுக்கும் துளைக்கும் இடையே போகக்கூடும் என்பதால் சீலன்ட் கட்டாயம். கடைகளில் மூடிய முனை என்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவற்றின் ஊசி இரும்பு. உடைந்த ஊசியின் நுனி வெளித்தலையின் நடுவில் தண்ணீர் படும்படிதான் நிற்கும். அது துருப்பிடித்து வீங்கினால் முதலில் செம்மண் நிறக் கோடு வடியும், பிறகு ரிவெட்டின் உடலே பிளக்கும். கையில் ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள்; ஊசியை இழுத்தால் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உடல் 1100 அல்லாமல் 5000 வரிசைக் கலவையாக இருப்பதும் முக்கியம். 1100-இல் வருபவை மெத்தென்று இருக்கும், பிடிப்பும் குறைவு.

பாப் ரிவெட்டில் நீளம் கெட்டி ரிவெட்டைப் போலக் கணக்குப் போடுவது அல்ல. ஒவ்வொரு ரிவெட்டுக்கும் எந்தக் கனத்திலிருந்து எந்தக் கனம் வரை பிடிக்கும் என்று தயாரிப்பாளர் எழுதியிருப்பார். மூடிய முனை ரிவெட்டில் அந்த எல்லை குறுகியது. உங்கள் தகடுகளின் கனம் அந்த எல்லையின் நடுவில் விழும்படி வாங்குங்கள். எல்லைக்கு வெளியே போனால் ஊசி உடையும், சத்தம் சரியாக வரும், ஆனால் பின்னால் பிடிப்பு இருக்காது. கண்ணுக்குத் தெரியாத பக்கம் என்பதால் அந்தக் குறை படகு தண்ணீரில் இறங்கிய பிறகே தெரியவரும். ஊசி உடைந்ததும் தலையின் நடுக்குழியில் கொஞ்சம் எபாக்ஸியோ சீலன்டோ நிரப்பி மட்டமாக்கிவிடுங்கள். ஏராவிலும் எஞ்சின் பாரம் தாங்கும் பின்பலகையிலும் வரிசை முழுக்கப் பாப் ரிவெட்டாக மாற்றுவதை நான் ஏற்கமாட்டேன். தரைத்தட்டைப் பெயர்ப்பது சிரமம்தான். அந்தச் சிரமத்தைப் பட்டுவிடுங்கள். மோட்டாரின் தள்ளுவிசை முழுவதும் வந்து சேரும் இடம் அது.

ஸ்டெயின்லெஸ் பற்றிக் கேட்டீர்கள். வலிமையில் குறையில்லை. கோளாறு பக்கத்தில் இருக்கும் அலுமினியத்துக்குத்தான். கடல்நீரில் அலுமினியக் கலவைகளின் மின்னழுத்தம் பொதுவாக மைனஸ் 0.76 முதல் மைனஸ் 1 வோல்ட் வரை. 316 வகை ஸ்டெயின்லெஸ் பூஜ்ஜியத்தை ஒட்டி நிற்கும். இந்த இடைவெளிக்கு விலை கொடுப்பது எப்போதும் அலுமினியம். சிறிய ஸ்டெயின்லெஸ் தலை, பெரிய அலுமினியத் தகடு என்பதால் படகு முழுக்கக் கரையாது என்பது உண்மை. ஆனால் அரிப்பு துளையின் ஓரத்தில் ஒரு வளையமாகக் குவியும், நமக்குப் பிடிப்பு வேண்டிய அதே இடத்தில். ரிவெட் மினுமினுப்பாக இருக்கும். அதைச் சுற்றிய துளை வெள்ளைப் பொடியாகிப் பெரிதாகும். பாய்மரக் கம்பங்களில் மோனெல் எனப்படும் நிக்கல்–செம்புக் கலவை ரிவெட் போடுகிறார்கள். அங்கே பாரம் மிக அதிகம், தண்ணீரில் மூழ்கியே இருப்பதுமில்லை, இரண்டு உலோகங்களையும் தொடவிடாமல் பிரிக்கும் பசையும் தடவுகிறார்கள். அதைப் பார்த்து அடித்தகட்டில் போட வேண்டாம். செம்பு ரிவெட் மரப்படகுக்கு அருமையான பொருள். அலுமினியத்தை அது தின்றுவிடும். இரும்பு ரிவெட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இதே காரணத்தால் ரிவெட்டைத் தாண்டியும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். படகின் அடியில் தேங்கிய நீரில் கிடக்கும் செம்பு நாணயம், பித்தளைத் திருகு, ஈயக்குண்டு ஒவ்வொன்றும் தான் கிடக்கும் இடத்தில் தகட்டைக் குழி விழ வைக்கும். செம்பு கலந்த பாசித்தடுப்புப் பெயின்டை அலுமினியத்தில் பூசக் கூடாது. பின்பலகையின் உள்மரம் உளுத்துப்போய் மாற்றினால், செம்பு உப்பு ஏற்றிப் பதப்படுத்திய பலகையை வைக்காதீர்கள். ஈரம் பட்டதும் அந்தச் செம்பு கசிந்து புது ரிவெட்டையும் தகட்டையும் சேர்த்தே அரிக்கும். நல்ல கடல்தர ஒட்டுப்பலகையை எபாக்ஸி பூசி முழுக்க மூடி வையுங்கள்.

சீலன்டில் கடல்தரப் பாலியூரித்தேன் எனது தேர்வு. 3எம் 5200, சிகாஃபிளெக்ஸ் போன்றவை இந்த வகை. 5200 ஏறக்குறைய நிரந்தரம். பிறகு எப்போதாவது பிரிக்க வேண்டிய இடமென்றால் அதே நிறுவனத்தின் 4200 போன்ற இளகிய பிடிப்புள்ளதைப் போடுங்கள். துளைக்குள்ளும் தண்டிலும் தலையின் அடியிலும் தடவி, ஈரமாக இருக்கும்போதே ரிவெட்டை அடித்துவிட வேண்டும். தலையைச் சுற்றிச் சீராகப் பிதுங்கி வந்தால் உள்ளே இடைவெளி இல்லை என்று அறியலாம். வினிகர் வாடை அடிக்கும் குளியலறைச் சிலிக்கான் வேண்டாம். அதிலிருந்து வரும் அமிலம் அலுமினியத்துக்கு ஆகாது, அது ஒட்டிய இடத்தில் பிறகு பெயின்டோ வேறு சீலன்டோ ஒட்டாது. உள்பக்கம் ரிவெட் வரிசை முழுவதும் எபாக்ஸி பூசிவிட்டால் போதாதா என்றும் கேட்பார்கள். ரிவெட்டுகள் இறுக்கமாக இருந்து மெலிதாக ஊறும் படகில் அது நன்றாகவே வேலை செய்யும். தளர்ந்த ரிவெட்டின் மேல் பூசினால், ரிவெட் அசையும்போது பூச்சும் வெடிக்கும். முதலில் இறுக்கல், மாற்றல். பூச்சு அதற்குப் பிறகுதான்.

வேலையின்போது ரிவெட் துளையிலிருந்து கிளம்பிய வெடிப்பு எதையாவது கண்டால் அதை ரிவெட்டால் சரிசெய்ய முடியாது. வெடிப்பின் நுனியில் 3 மி.மீ. துளை போட்டு ஓட்டத்தை நிறுத்தி, அதே கனமுள்ள 5052 தகட்டை மேல்வைத்து, நடுவே சீலன்ட் இட்டு, சுற்றிலும் இரண்டு வரிசையாக ஒன்றுவிட்டு ஒன்று மாறிவரும்படி ரிவெட் அடிக்க வேண்டும். தண்ணீர் புகாமல் இருக்க ரிவெட்டுகளின் இடைவெளி விட்டத்தைப்போல் நான்கு மடங்குக்குள் இருப்பது நல்லது. மூன்று மடங்குக்குக் கீழே நெருக்கினால் தகடே பலவீனமாகும்.

எல்லாம் முடிந்ததும் உடனே தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டாம். 5200 முழுதாக இறுக 5 முதல் 7 நாள் ஆகும். அதுவரை படகை முட்டுமேல் அசையாமல் வைத்துவிட்டு, பிறகு முன்போலவே அளவாக ஊற்றிச் சோதியுங்கள். ஓரிரு இடத்தில் இன்னும் சொட்டினால் அதன் பக்கத்து ரிவெட்டுகளை முதலில் தட்டிப் பாருங்கள். புதிதாக அடித்தது இறுகியதும் பக்கத்தில் பாதி தளர்ந்திருந்தவை தம்மைக் காட்டிக்கொடுப்பது வழக்கம். அதற்காகவே ஒவ்வொரு நீளத்திலும் பத்துப் பதினைந்து ரிவெட் கூடுதலாக வாங்கி வையுங்கள்.